கொட்டகையில் நிற்கும் பழைய புல்லட்: மாரடைப்புக்குப் பின் தொடலாமா?

மாரடைப்பிலிருந்து மீண்டு வீடு திரும்பும் ஒருவரிடம் என்ன உண்ணலாம், எவ்வளவு நடக்கலாம், எந்த மாத்திரையை எப்போது விழுங்க வேண்டும் என்றெல்லாம் விரிவாகச் சொல்லி அனுப்புகின்றோம். வீட்டில் எந்த வேலை அவருக்காகக் காத்திருக்கின்றது என்று கேட்பதற்கு மட்டும் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். இக்கட்டுரை அந்த மறதியிலிருந்து எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, பள்ளியில் இயற்பியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் இதயநோய்ப் பிரிவில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்றார். (அவருடைய இசைவோடு எழுதுகின்றோம், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்துள்ளோம்.) அடைபட்ட இரத்தக்குழாய் ஆஞ்சியோபிளாஸ்டி மூலம் திறக்கப்பட்டு, ஒரு ஸ்டென்ட் பொருத்தப்பட்டது. ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். இரண்டு வாரம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தபோது, அவருடைய மகன் எங்களிடம் தனியே ஒரு வேண்டுகோள் வைத்தார். வீட்டுக் கொட்டகையில் 1968ஆம் ஆண்டு புல்லட் ஒன்று பாகம் பாகமாகக் கழற்றப்பட்டுக் கிடக்கின்றது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அப்பா அதனோடுதான் பொழுதைக் கழிக்கின்றார். நெஞ்சுவலி வந்ததும் அந்த வண்டியின் அருகில்தான். "நீங்கள் சொன்னால்தான் கேட்பார், டாக்டர். காயலான் கடைக்குப் போட்டுவிடச் சொல்லுங்கள்" என்றார். நாங்களும் அதிகம் யோசிக்கவில்லை. "இனி அந்த வேலை வேண்டாம் ஐயா" என்று சொல்லி அனுப்பினோம். அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

மூன்றாம் மாதம் வந்தபோது அவருடைய இரத்த அழுத்தம் சீராக இருந்தது. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இயக்கமும் நன்றாகவே இருந்தது. ஆனால் காலை நடை நின்றுபோயிருந்தது. சில நாட்கள் மாத்திரையை விழுங்குவதில்லை என்று மனைவி கூறினார். இரவில் உறக்கம் இல்லை. பகலில் எழுந்திருக்க மனம் இல்லை. மாரடைப்புக்குப் பின் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்குக் கடுமையான மனச்சோர்வு ஏற்படுகின்றது என்பதும், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு இதயநோயின் போக்கும் மோசமாகின்றது என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த செய்திகள். அவருடைய சோர்வுக்கு எங்களின் அந்த ஒரு வாக்கியமே காரணம் என்று கூறமாட்டோம். மாரடைப்பே அதற்குப் போதுமான காரணம். எனினும், அதிலிருந்து ஏறி வர அவரிடம் இருந்த கயிற்றை நாங்கள் அறுத்துவிட்டோம் என்பது உண்மை.

நல்லவேளையாக வண்டி இன்னும் கொட்டகையில்தான் இருந்தது. விலை படியவில்லை என்று சொல்லிக் காயலான் கடைக்காரரை இரண்டு முறை திருப்பி அனுப்பியவர் அவருடைய மனைவி.

அதன்பின் நாங்கள் செய்த முதல் காரியம், அந்த வேலையில் என்னென்ன அடங்கியுள்ளன என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். அடுத்த முறை வந்தபோது ஒரு குறிப்பேட்டோடு வந்தார். நாங்கள் ஒதுக்கியிருந்த பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாயிற்று.

புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் பிறந்த வண்டி. 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டு, திருவொற்றியூரில் இதன் உற்பத்தி வேரூன்றியது. பிறந்த ஊரில் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னரும் இங்கே தொடர்ந்தது. 346 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின். சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவு 90 மில்லிமீட்டர். பழைய வண்டிகளில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். கணினி இல்லை, உணர்கருவி இல்லை. கண்ணால் பார்த்து, கையால் கழற்றி, காதால் கேட்டு அறியக்கூடிய இயந்திரம். பாயின்ட் எனப்படும் மின்தொடர்பு முனைகளுக்கு இடையே 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அதைத் தகட்டளவியைச் செருகிப் பார்க்க வேண்டும். டாப்பெட் சரியாக இருக்கின்றதா என்று அறிய, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடை விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும்: தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. இத்தகைய வேலை கண்ணையும் விரலையும் கவனத்தையும் ஒருசேரக் கேட்கின்றது. ஓய்வு பெற்ற ஒருவருக்கு நாளை எழுந்து செய்ய ஒன்று உண்டு என்ற நிச்சயத்தையும் தருகின்றது. பழைய உதிரிபாகம் தேடிச் சென்னைப் புதுப்பேட்டைச் சந்துகளில் ஒரு முற்பகல் அலைந்தால், நாங்கள் எழுதித் தரும் நடைப்பயிற்சியும் நிறைவேறிவிடுகின்றது.

இவ்விடத்தில் ஒரு சிறு விலகல். "இதயமும் ஓர் இஞ்சின்தானே டாக்டர், போரிங் செய்துவிட்டீர்கள், இனி ஓடும்" என்று பலர் கூறுவதுண்டு. இந்த ஒப்பீடு எங்களுக்கு உவப்பானதன்று. தேய்ந்த சிலிண்டரை லேத் பட்டறையில் கடைந்து, அளவு கூடிய பிஸ்டனைப் போட்டால் அந்தக் குறை அத்துடன் தீர்ந்தது. ஸ்டென்ட் அப்படியன்று. அது அடைபட்ட ஓரிடத்தைத் திறந்து வைக்கின்றது. குழாய்ச் சுவரில் கொழுப்புப் படியும் நோய் மற்ற இடங்களில் அப்படியே இருக்கின்றது. அதனைக் கட்டுப்படுத்துபவை கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையிலையை விடுதல் ஆகியவையே. ஸ்டென்டுக்குள் இரத்தம் உறையாமல் காக்கும் இரு மாத்திரைகளைப் பெரும்பாலானோர் ஓராண்டுக்காவது விடாமல் விழுங்க வேண்டும். வண்டியில் மூழ்கி மாத்திரையை மறப்பவர்கள், டப்பாவை ஸ்பேனர்ப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

இனி, எப்போது எந்த வேலை என்பதைப் பார்ப்போம். மணிக்கட்டின் வழியே ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டிருந்தால், சுமார் ஒரு வாரத்துக்கு அந்தக் கையால் ஸ்பேனரை முறுக்குவதோ எடை தூக்குவதோ கூடாது. தொடையிடுக்கின் வழியே செய்யப்பட்டிருந்தால், அதே அளவு காலத்துக்குக் குந்தி உட்காருவதையும் காலால் எதையும் ஓங்கி மிதிப்பதையும் தவிர்க்க வேண்டும். அதன்பின் முதற்சில வாரங்களில் மேசை வேலை போதும்: நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தல், ஒயர்களைச் சரிபார்த்தல், நட்டு போல்ட்டுகளைத் தரம் பிரித்தல். பழைய புல்லட்டுக்கு விட்வொர்த் அளவு ஸ்பேனர்கள் தேவைப்படும். மில்லிமீட்டர் ஸ்பேனரைப் பொருத்திப் பலம் கொண்டு திருகினால் நட்டின் முனை மழுங்கும், கை வழுக்கி அடிபடும். சரியான ஸ்பேனர் இதயத்துக்கும் நல்லது என்று நாங்கள் கூறினால் சிரிக்காதீர்கள். துருவேறிய நட்டோடு மூச்சை அடக்கிக்கொண்டு மல்லுக்கட்டும்போது இரத்த அழுத்தம் திடீரென உயர்கின்றது. இதயத்துக்கு ஆபத்து அந்த இழுபறியில்தான். துருநீக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு காத்திருங்கள். திருகும்போது மூச்சை வெளியே விடுங்கள். வேலை செய்துகொண்டே முழு வாக்கியம் ஒன்றைத் திணறாமல் பேச முடியுமானால் உழைப்பு அளவோடு இருக்கின்றது. பேச முடியவில்லை என்றால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள்.

வண்டியைத் தள்ளுதல், சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுதல், இஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்குதல் ஆகியவை வேறு வகை. வண்டியின் எடை 160 கிலோவுக்கும் மேல். இவற்றை முதல் ஆறு வாரங்களுக்கு அறவே தொட வேண்டாம்; அதன்பின்னும் துணைக்கு ஆள் வேண்டும். பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு நெஞ்செலும்பு கூடுவதற்கே எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் ஹேண்டில்பாரைப் பற்றி வண்டியைப் பின்னுக்கு இழுத்தால், எலும்பைக் கட்டியிருக்கும் கம்பி தளர நேரிடும்.

எல்லோரும் கேட்கும் கேள்வி கிக்கரைப் பற்றியது. புல்லட்டைக் கிளப்புவதற்கு ஒரு முறை இருக்கின்றது. சாவியைத் திருகி, அம்மீட்டர் முள்ளைக் கவனித்தவாறு கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். பாயின்ட் திறக்கும்போது முள் நடுவுக்கு வரும். அப்போது பிஸ்டன் உச்சியை நெருங்கியிருக்கும். டிகம்ப்ரசர் நெம்பியைப் பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் சிறிதளவு இறக்கிப் பிஸ்டனை உச்சி தாண்டச் செய்து, நெம்பியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீராக முழுவதும் மிதிக்க வேண்டும். இம்முறையைப் பின்பற்றினால் ஓரிரு மிதியில் கிளம்பும். அதிகப் பலமும் தேவைப்படாது. முறையறியாமல் இருபது முறை ஓங்கி மிதிப்பவர்தான் வியர்த்து, மூச்சிரைத்து, நெஞ்சைப் பிடிப்பவர். தீப்பொறி நேரம் முந்தியிருந்தால் கிக்கர் எதிர்த்து உதைக்கும், கணுக்காலே உடையக்கூடும். டிரெட்மில் பரிசோதனை முடிந்து, நாங்கள் பார்த்துச் சரி என்று கூறும் வரை கிக்கரை வேறொருவர் மிதிக்கட்டும். மூன்று மிதியில் கிளம்பாவிட்டால் குறை வண்டியில் இருக்கின்றது என்று கொண்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

ஆனால், எங்களை மிகவும் கவலைகொள்ளச் செய்வது கிக்கர் அன்று. கொட்டகைக்குள் நிற்கும் காற்று. இஞ்சின் ஓடும்போது சைலன்சர் வழியே கார்பன் மோனாக்சைடு வெளிவருகின்றது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் என்று தொடங்கி மயக்கத்திலும் மரணத்திலும் முடியும். இதயக் குழாய் சுருங்கியவர்களுக்கு, மற்றவர்களைப் பாதிக்காத அளவிலேயே நெஞ்சுவலி வந்துவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: பல வீடுகளில் இப்போது விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி இருக்கின்றது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தை அக்கருவியால் பிரித்தறிய இயலாது. 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும். அதனை நம்பி உள்ளேயே உட்கார்ந்துவிடக் கூடாது. கதவைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு. வண்டியை வெளியே தள்ளி நிறுத்திவிட்டே இஞ்சினை ஓட்டுங்கள். கொட்டகையில் ஒருவர் மயங்கிக் கிடந்தால், முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, பிறகு 108ஐ அழையுங்கள்.

மற்றொரு பழக்கம் டேங்கிலிருந்து குழாய் வைத்து வாயால் பெட்ரோலை உறிஞ்சுவது. ஒரு மிடறு புரையேறி நுரையீரலுக்குள் சென்றால் கடும் அழற்சி உண்டாகும். அத்தகையவரை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, மீண்டும் புரையேறும். உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். பாகங்களைக் கழுவும் மண்ணெண்ணெயைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கின்றோம். தாத்தாவின் கொட்டகை பேரக்குழந்தைகளுக்கு வீட்டிலேயே பிடித்த இடம்.

பழைய பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட் ஆகியவற்றின் உறையில் கல்நார் இருக்கக்கூடும். டிரம்மைத் திறந்ததும் உள்ளிருக்கும் கரும்பொடியை வாயால் ஊதுவது மெக்கானிக் கடைகளில் காணும் வழக்கம். அப்பொடி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாளை நீரில் நனைத்தே தேயுங்கள். டேங்குக்குப் புது வண்ணம் அடிப்பதைப் பெயின்ட்டரிடம் விட்டுவிடுவது நல்லது. இரு கலவைகளைச் சேர்த்துத் தெளிக்கும் வண்ணங்கள் ஆஸ்துமாவைத் தூண்டும். சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது.

இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை விழுங்குபவருக்குச் சிறு கீறலிலும் இரத்தம் நெடுநேரம் வடியும். பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அதுதான் பேராபத்து. சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள், இடையில் திறந்து பார்க்காமல். நிற்காவிட்டால் வாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்து ஆண்டுகள் கடந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்ளுங்கள். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் செருப்போடு கொட்டகைக்குள் செல்லக் கூடாது. மூடிய காலணி வேண்டும். சூடான சைலன்சர் காலில் பட்டது தெரியாமல், மாலையில் கொப்புளத்தைப் பார்த்து வந்தவர்கள் எங்களிடம் உண்டு. இன்சுலின் போட்டுக்கொண்டு, "இந்த ஒரு போல்ட்டு மட்டும்" என்று மதிய உணவைத் தள்ளிப்போட்டு, சர்க்கரை தாழ்ந்து வியர்த்து விழுந்தவர்களும் உண்டு. தகரக் கொட்டகையின் வெக்கையில் இரத்த அழுத்த மாத்திரையோடு குந்தியிருந்து சட்டென எழுந்தால் கண் இருளும். முக்காலியில் அமர்ந்து வேலை செய்து, மெல்ல எழுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள், ஓடும் இஞ்சினின் தீப்பொறிச் சுருளிலிருந்தும் பிளக் ஒயரிலிருந்தும் மார்பை 30 சென்டிமீட்டராவது தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். போல்ட்டுகளைப் பிடித்துவைக்கும் காந்தத் தட்டைச் சட்டைப் பையருகே கொண்டுவரக் கூடாது. வெல்டிங் வேலையை எங்களைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

குடும்பத்தினருக்குச் சில சொற்கள். உங்கள் அச்சம் நியாயமானது. ஆயினும், "வேண்டாம்" என்பதற்கு முன் கொட்டகைக்குள் ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே தனியாக இருப்பவரின் கைப்பேசி சட்டைப் பையில் இருக்கின்றதா? நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை எட்டும் தூரத்தில் உள்ளதா? நெஞ்சு இறுகினால் உடனே அமர்ந்து ஒரு மாத்திரை வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 108. மருத்துவமனைக்குத் தாமே வண்டியில் கிளம்பிவிடக் கூடாது. மெக்கானிக் கடை நண்பர்களோடு தேநீரும் பீடியும் சேர்ந்தே வரும். தேநீரோடு நிறுத்திக்கொள்ள அவரை நினைவூட்டுங்கள்.

ஆசிரியரின் வண்டி பதினான்கு மாதங்களுக்குப் பின் வாசலில் கிளம்பிற்று. டிரெட்மில்லில் அவர் நன்றாகவே தேறியிருந்தார். நாங்களும் கிக்கருக்கு அனுமதி கொடுத்திருந்தோம். ஆனால் அன்று மிதித்தவர் மகன். அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் வரை பொறுக்கும்படி அப்பா அவருக்குப் பலமுறை சொல்ல வேண்டியிருந்ததாம். பதினைந்து ஆண்டு கடந்த வண்டி என்பதால் பதிவுச் சான்றைப் புதுப்பித்தால்தான் சாலைக்குக் கொண்டுவர முடியும். அதற்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இதுவரை நான்கு முறை சென்று வந்திருக்கின்றார். போகவும் வரவும் நடைதான்.